சனீப்பய் என்றால் சொகம்

1

எங்கள் வார்டில் செத்த பிள்ளைகளுக்கும் கேக் வரும்.

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. ஒரு வருஷத்துக்கு முந்தி இங்கே இறந்த குழந்தையின் தாயும் தகப்பனும் அதே தேதியில் பெரிய பெட்டியோடு வாசலில் நிற்பார்கள். கூடவே ஒரு நன்றிக் கார்டு. நாங்கள் கட்டிப்பிடிப்போம், கண்ணைத் துடைப்போம். அவர்கள் லிஃப்டில் ஏறியதும் ஸ்டாஃப் ரூமில் நின்றபடியே கேக்கைத் தின்போம். முதல் தடவை என் பங்கை டிஷூவில் சுற்றி எறிந்துவிட்டேன். இப்போது சாக்லேட்டா, எலுமிச்சையா என்று கேட்கிறேன். "அந்த வேல செஞ்சா மனசு என்னாகும்?" என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு இதுதான் சுருக்கமான பதில்.

போன வாரம் வந்தது கேக் இல்லை, ஐம்பது மீன் ரோல்ஸ். கொண்டு வந்தவர் வதனி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், இந்த நகரத்துக்கு வந்து ஒன்பது வருஷம். ஒரு வருஷத்துக்கு முந்தி இதே நாளில் அவருடைய மகன் எங்கள் வார்டில் இறந்தான். பிறந்து பத்தொன்பது நாள்.

"பாலனுக்குத் திவசம் செய்யிறேல்லை எண்டு ஐயர் சொல்லிப்போட்டார்," என்றார். "ஆருக்காவது குடுக்கத்தானே வேணும். அதான் இஞ்ச கொண்டந்தனான். நீங்களும் ஒண்டு எடுங்கோ தங்கச்சி."

எடுத்தேன். இன்னும் சூடு இருந்தது.

அவருடைய பிள்ளை சாகும்போது அவர் பக்கத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். நான் சொன்ன ஒரு சொல். ஒரு வருஷமாக அவரிடம் மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தேன். அன்றைக்குக் கேட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், மாதத்தைச் சொல்லவில்லை, பிள்ளை ஆணா பெண்ணா என்பதைக்கூட மாற்றியிருக்கலாம். துருவாதீங்க.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பார்ப்பது குறைமாசப் பிள்ளைகளை. ஆறு மாசத்தில் பிறந்தது, சில நேரம் அதுவும் முடியாமல் பிறந்தது. ஒரு றாத்தல் பாணை, அதாவது அரைக் கிலோ ரொட்டியை, விடக் கொஞ்சம்தான் கனம் கூட. தோல் நனைந்த டிஷூ மாதிரி. பிளாஸ்டரைப் பிடுங்கினால் தோலும் சேர்ந்து வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூச்சுக்கு ஒரு குழாய், வயிற்றுக்கு ஒரு குழாய், தொப்புளில் இரண்டு குழாய். நனைந்த நாப்கினைக்கூட நிறுத்து, காய்ந்ததின் நிறையைக் கழித்து எழுதுவோம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்குக் கழிக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே, அதே கணக்கு. இங்கே யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் போனில் இதை விளக்குவது பெரிய பாடு.

"அங்க என்னாதான் வேல ஒனக்கு?"

"பால் அளக்குறேம்மா. மணித்தியாலத்துக்கு ஒரு மில்லி. தாய்மாரு மெசின வச்சு எடுத்துக் குடுப்பாங்க. பேரு ஒட்டி ஃப்ரிஜ்ஜில வைப்போம்."

"அப்ப பால்வெட்டுதான். பிளேன் ஏறிப் போயும் அதே வேல." கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "மழ பேஞ்சா ஒங்களுக்கும் வேல நிப்பாட்டுவாங்களா?"

அம்மா அரநாயக்கப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். விடிய முந்தி மரத்துக்கு மரம் ஓடிக் கீறிவிட்டு, சிரட்டையில் சொட்டுச் சொட்டாய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. அவர் சொன்னது சரிதான். பொறுமை, சொட்டு, மறுபடி பொறுமை. ஆனால் மரம் நம்மைப் பார்த்துப் பயப்படாது. எங்கள் பிள்ளைகள் பயப்படும்.

இதை யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் முதலில் தெரிகிற மனுசர் நாங்கள்தான். நாங்கள் தொட்டால் ஊசி, இல்லாவிட்டால் குழாய், இல்லாவிட்டால் குதிக்காலில் கீறி இரத்தம். பத்து நாளில் அது கற்றுக்கொள்ளும். பெட்டியின் கதவைத் திறந்த சத்தத்துக்கே காலைச் சுருக்கிக்கொள்ளும். வெறுமனே தடவிக்கொடுக்கத்தான் கையை விட்டேன் என்றாலும் அது நம்பாது. தொண்டையில் குழாய் இருப்பதால் அழவும் முடியாது. வாய் திறக்கும், முகம் சிவக்கும், சத்தம் வராது. அதற்கு எங்களிடம் ஒரு தாள் இருக்கிறது. நெற்றி சுருங்கியிருக்கிறதா, கண் இறுகியிருக்கிறதா, வாய் எப்படி, விரல் விரிந்திருக்கிறதா என்று பார்த்து, கூட்டி, பத்துக்கு ஒரு எண் போடணும். அழ முடியாத பிள்ளைக்கு அந்த எண்தான் அழுகை.

சந்தோஷமே இல்லையா என்றால், இருக்கிறது. குழாயை எடுத்த நாளில் சில பிள்ளைகள் முதன்முதலாகச் சத்தம் போட்டு அழும். பூனைக்குட்டி கதவில் அகப்பட்ட மாதிரி ஒரு கீச்சுக் குரல். டாக்டர், கிளீனர், பக்கத்துப் பெட்டிப் பிள்ளையின் தாய் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்போம். தாய் சிரிப்பார், பிள்ளை கத்தும். ஊரில் நான் பட்டினியோடு படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு கீச்சுக்குத்தான் என்று அப்போது தோன்றும். அரை மணித்தியாலம் தோன்றும். பிறகு அடுத்த பெட்டியில் மணி அடிக்கும்.

3

அந்தச் சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்லணும்.

இங்கே வர முந்தி சப்ரகமுவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், குறைமாசப் பிள்ளைகள் பிரிவில் மூன்று வருஷம் வேலை செய்தேன். டாக்டர்மார், நர்ஸ்மார், கிளீனர் எல்லோரும் சிங்களம். வருகிற தாய்மாரில் பாதிப் பேர் தோட்டத்துத் தமிழ் ஆள்கள். வார்டுக்குள் என் பெயர் 'தெமள மிஸ்', தமிழ் நர்ஸ். டாக்டர் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார்: "மிஸ், பபாட்ட தென் சனீப்பய் கியலா அம்மாட்ட கியன்ன." பிள்ளைக்கு இப்போது சுகம் என்று தாயிடம் சொல்லு. நான் ஓடிப்போய்ச் சொல்வேன்: "அக்கா, புள்ள சொகமாயிருச்சு." தாய் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். நல்ல சேதியின் வாய் நான்தான். கெட்ட சேதியை டாக்டர் கண்ணாலேயே சொல்லிவிடுவார், அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

சனீப்பய் என்பது விசாலமான சொல். காய்ச்சல் விட்டாலும் சனீப்பய். மெத்தை நல்லா இருந்தாலும் சனீப்பய். வெக்கையில் ஒரு காற்று வந்து பட்டாலும் சனீப்பய்.

வெளிநாடு போக எழுதுகிற சோதனைக்காகக் கேகாலை டவுனில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். படிப்பித்தவர் ஒரு சிங்கள சேர். போர்டில் இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் சிங்களம் எழுதுவார். வகுப்பில் நாற்பது பேரில் தமிழ் நான் மட்டும். எனக்கு எல்லாம் சீக்கிரம் வேணும், எழுதிக்கொண்டே மூன்றாவதாக ஒரு கோடு கிழித்துத் தமிழை நானே போட்டுக்கொள்வேன். அகராதி பார்க்கப் பொறுமை இல்லை, சிங்களத்தைப் பார்த்தால் தமிழ் தானாக வந்துவிடும். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கம்ஃபர்டபிள், சனீப்ப, சொகம். பச்சைப் பேனையால் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு சரி அடையாளம் வேற.

சோதனைக்குப் பத்து நாள் லீவு போட்டேன். அந்தப் பத்து நாளுக்குள் நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிறக்கும்போது எண்ணூற்று இருபது கிராம், மூன்று மாசம் எங்கள் கையில் வளர்ந்தவள். தாய் அவளுக்கு என் பெயரையே வைத்திருந்தார். நிரோஷா. குறைமாசப் பிள்ளைகளுக்கு ஒக்சிஜனால் கண் கெடலாம். குறித்த வாரத்துக்குள் மறுபடியும் கண் டாக்டரிடம் காட்டினால் காப்பாற்றலாம். அந்தத் தேதியை எழுதி ஒரு துண்டுக் கடுதாசி கொடுத்துத்தான் அனுப்பினார்கள். சிங்களத்தில்.

இரண்டு வருஷம் கழித்து, நான் விசாவோடு பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம், தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். "மிஸ்ஸுக்குக் கும்புடு சொல்லும்மா." நிரோஷா எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காராமல் கிடந்த கதிரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அந்தத் துண்டு எங்கக்கா?" என்று கேட்டேன்.

"பத்திரமா வச்சிருக்கோம் மிஸ். சாமிப் படத்துக்குப் பின்னால. புள்ள சொகமாயிட்டான்னு ஆஸ்பத்திரியில குடுத்த கடுதாசியாச்சே."

அங்கே சொல்ல நான் இல்லாததால் போனது. இங்கே நான் சொன்னதால் போனது. இரண்டு வரியில் என் வேலை அனுபவம் கேட்டால் இதுதான்.

4

வதனி அக்காவுக்கு வருவோம்.

அவருடைய மகன் இருபத்துநாலு வாரத்தில் பிறந்தான். அறுநூற்றுப் பத்து கிராம். அவனைப் பார்த்துக்கொண்டது ரோஸ் என்கிற பிலிப்பைன்ஸ்காரி, என்னை விட நல்ல நர்ஸ். நான் அடுத்த அறை. ஆனாலும் தமிழ்ப் பெயரைக் கண்டால் கால் நிற்குமா? மூன்றாம் நாளே போய் நின்றேன்.

"அக்கா, நானும் சிலோன்தான்."

முகம் மலர்ந்தது. "அப்பிடியோ? நீங்கள் எவடம்?"

"கேகாலைங்க. அரநாயக்கப் பக்கம்."

"அங்க தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" ஒரு கணம் யோசித்தார். "ஓ. தோட்டமோ?"

"ஆமாங்க."

"ம்." மலர்ந்தது கொஞ்சம் மூடிக்கொண்டது. பிறகு நல்ல மனசோடுதான் சொன்னார்: "பரவாயில்லை, நல்லாப் படிச்சு முன்னுக்கு வந்திட்டியள்."

இந்த 'பரவாயில்லை'யை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஊரில் கணக்குப் படிப்பிக்க வந்த யாழ்ப்பாண டீச்சர் என் கொப்பியைப் பார்த்துச் சொன்ன அதே 'பரவாயில்லை'. அது குத்தினால் நான் ஒதுங்குகிற ஆள் இல்லை, இன்னும் ரெண்டு மடங்கு ஓடுகிற ஆள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பால் எடுக்கிற மெசினைக் காட்டிக் கொடுத்தேன். என் பிரேக் நேரமெல்லாம் அவர் பக்கத்தில்தான். 'தோட்டம்' என்கிற சொல்லை அவர் வாயிலிருந்து 'எங்கட நர்ஸ்' என்று மாற்றிவிட வேணும். அவ்வளவுதான் ஆசை. பத்தாம் நாள் மாறியது. போனில் யாருக்கோ, "எங்கட தமிழ் நர்ஸ் பிள்ளை ஒண்டு நிக்குது," என்றார். அன்றைக்கு நான் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

5

பத்தொன்பதாம் நாள் பகல் ஒன்றரை மணி.

பிள்ளையின் குடலில் ஓட்டை விழுந்திருந்தது. காலையில் எக்ஸ்ரேயில் கண்டார்கள். வெட்டித் தைக்க அவன் உடம்பு தாங்காது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என் அறையில் இரட்டைப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டர் வதனி அக்காவிடம் பேச வந்தார். கணவர் வேலையிலிருந்து நாலு மணிக்குத்தான் வர முடியும். அதற்கு முந்தி தாயிடம் கொஞ்சமாவது சொல்லணும். மொழிபெயர்ப்பு லைனுக்கு ரோஸ் போன் போட்டாள். "தமிழா? இந்தியாவா, இலங்கையா?" என்று கேட்டு, வரிசையில் பதினோராவது ஆள் என்று சொல்லி, பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

நான் எதற்கோ அந்த அறைக்குள் போனேன். பாட்டு ஓடுகிறது, டாக்டர் மணியைப் பார்க்கிறார், வதனி அக்கா கதிரை விளிம்பில் இருக்கிறார். அதே நேரம் அவர் போன் அடித்தது. மூத்த மகள் மதுராவின் பள்ளிக்கூடம். எடுத்து, "யெஸ், யெஸ், ஐ கலெக்ட் ஹர் அட் த்ரீ, தேங்க்யூ," என்று வைத்தார்.

"நான் தமிழ் பேசுவேன் டாக்டர்," என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். நர்ஸ் மொழிபெயர்க்கக் கூடாது என்று விதி இருப்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

டாக்டர் குனிந்து, மெதுவாகச் சொன்னார். அவன் மிகவும் சுகமில்லாமல் இருக்கிறான். இனிமேல் அவனைக் கம்ஃபர்டபிளாக வைத்திருப்பதுதான் நாங்கள் செய்யக்கூடிய அன்பான காரியம். அப்பா வந்ததும் நாலு மணிக்கு உட்கார்ந்து விரிவாகப் பேசுவோம்.

இங்கே ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். மருத்துவம் முடிந்தது, வலி தெரியாமல் போகட்டும் என்பதுதான். இங்கே பிறந்த கிளீனருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும், சத்தியமாகத் தெரியும், எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் நான் யோசிக்கவில்லை. சொல் காதில் விழுந்தது, கொப்பி விரிந்தது, பச்சைப் பேனை.

"அக்கா, தம்பிக்கு ரொம்ப முடியாம இருந்திருக்கு. இப்ப சொகமா வச்சிருக்காங்களாம். நாலு மணிக்கு அண்ணன் வந்தப்புறம் ஒக்காந்து பேசுவாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். தாய் தலையாட்டினார். டாக்டரும் தலையாட்டிவிட்டு, அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பிள்ளைக்கு வலி மருந்து ஓடிக்கொண்டிருந்ததால் அவன் அசையாமல், முகம் தளர்ந்து, அழகாகக் கிடந்தான். பார்க்கச் சொகமாகத்தான் இருந்தது.

வதனி அக்கா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு என்னிடம், "சுகமோ?" என்றார்.

"சொகம்க்கா."

"அப்ப நான் மதுராவைப் போய் எடுத்துக்கொண்டு வரட்டோ?"

"போயிட்டு வாங்கக்கா. நாங்க பாத்துக்குறோம்."

கோட்டை மாட்டினார். பெட்டிக்குள் கையை விடாமல், கண்ணாடிக்கு மேலேயே ஒரு தரம் தடவிவிட்டுப் போனார். நான் என் இரட்டையரிடம் திரும்பினேன்.

மூன்று மணி தாண்டியதும் ரோஸ் கூப்பிட்டாள். அவன் நழுவிக்கொண்டிருந்தான். "தாய் எங்கே? ஏன் போக விட்டார்கள்?" என்று அவள் கேட்டபோதுதான் என் வாயில் இருந்த சொல் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. நான் போனுக்கு ஓடினேன். "அக்கா, கெதியா வாங்க," என்றேன். அவருக்கு விளங்க வேணும் என்று, சீக்கிரம் என்பதற்கு அவருடைய சொல்லையே சொன்னேன். அப்போதாவது சரியான சொல் வந்ததே.

ரோஸ் அவனைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கடைசி இருபது நிமிஷம் வலி மருந்து ஓடிய ஊசி நரம்பை விட்டு வெளியே வந்துவிட்டது. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இன்னொரு நரம்பு எளிதில் அகப்படாது. டாக்டர் தேடிக்கொண்டே இருந்தார். யாருடைய பிழையும் இல்லை. ரோஸ் விதிப்படி தாளில் எண் போட்டாள். பத்துக்கு எட்டு. நான் பார்த்தேன்.

வதனி அக்கா வந்தபோது மூன்றே முக்கால். பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு மதுரா, கையில் பாதி தின்ற ஆப்பிள்.

6

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மேனேஜர் ஒரு படிவம் தந்தார். என்ன நடந்தது, ஒரு பெட்டி. என்ன உணர்ந்தீர்கள், ஒரு பெட்டி. என்ன கற்றுக்கொண்டீர்கள், கொஞ்சம் பெரிய பெட்டி. விதியை மீறி மொழிபெயர்த்தேன் என்று எழுதினேன். பிழையாக மொழிபெயர்த்தேன் என்று எழுதவில்லை. என் விசா இந்த ஆஸ்பத்திரியின் கையில். டாக்டர் ஃபைலில், "தாய்க்குத் தமிழில் விளக்கப்பட்டது, விளங்கிக்கொண்டார்," என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். அந்த வார்டில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். நான் விட்ட பிழையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட்டிருக்கணும்.

மேனேஜர் வாசித்துவிட்டு, ரொம்ப நேர்மையாக எழுதியிருக்கிறாய் என்றார். குடும்பத்தோடு நேரில் பேசக் கூடாது, எல்லாம் அலுவலகம் வழியாகத்தான் என்றும் சொன்னார். ஆறு மாசம் பொறுத்து மூன்றாவது பெட்டியை மறுபடி நிரப்பச் சொன்னார்கள். என்ன கற்றேன் என்பதில் ஏதும் முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்கவாம்.

வதனி அக்கா முறைப்பாடு கொடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய புதிர். ஏனென்றால் தமிழ்க் கடையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை கருவாடு வாங்கிக்கொண்டு நிற்கிறேன், கல்லாவில் இருந்த அம்மா கேட்டார்:

"நீங்களோ உந்த ஆஸ்பத்திரியில நிக்கிற தோட்டத்துப் பிள்ளை?"

"ஆமாங்க."

"ஆமாங்கவாம்," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். பிறகு என்னிடம், கருவாட்டைச் சுற்றிக்கொண்டே, "தமிழ் தெரியாட்டில் வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாம். பெத்த தாய் கடைசியா மகன்ர முகம் பாக்கேல்லை."

உறைப்பான மிளகாய்த்தூளும் ஒரு பாக்கெட் குடுங்க என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. அம்மாவிடம் ஷிஃப்ட் கூட என்றேன். "அப்ப நல்லது, ஓவர்டைம் வரும்," என்றார் அம்மா.

7

ரோல்ஸ் பெட்டியை வைத்துவிட்டு வதனி அக்கா போகத் திரும்பினார். கூட மதுரா, ஏழு வயசு, கையில் டேப்லெட். அலுவலகம் வழியாகப் போகணும் என்கிற விதி ஞாபகம் வந்தது. ஒரு வருஷத்தில் இரண்டாம் தடவையாக விதியை மீறினேன்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிசம்."

எங்கள் வார்டில் ஒரு சின்ன அறை இருக்கிறது. சோஃபா, டிஷூப் பெட்டி, கடற்கரைப் படம். கெட்ட செய்தி சொல்கிற அறை. மதுராவைப் பார்த்துத் தயங்கினேன்.

"கதையுங்கோ. அவளுக்குத் தமிழ் விளங்காது," என்றார். மதுரா சோஃபாவின் மூலையில் உட்கார்ந்து ஏதோ விளையாடத் தொடங்கினாள்.

ஒரே மூச்சில் சொன்னேன். டாக்டர் என்ன சொன்னார், அதற்கு என்ன அர்த்தம், நான் என்ன சொன்னேன், சிங்களம், கொப்பி, எல்லாம். "நீங்க அவன் பக்கத்துல இருந்திருப்பீங்க. நான் தப்பா சொன்னதாலதான் போனீங்க. என்னை மன்னிச்சிருங்கக்கா."

வதனி அக்கா டிஷூ எடுக்கவில்லை. கடற்கரைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு வருசத்துக்கு முதல் மாமி செத்தவ," என்றார். "இவற்ற அம்மா. இதே ஆஸ்பத்திரிதான், மேல்மாடி. மாமிக்கும் கம்ஃபர்டபிள் எண்டுதான் சொன்னவை. நான்தான் பக்கத்தில இருந்தனான். ரெண்டு நாள்." என் பக்கம் திரும்பினார். "ஆறு வருசம் இங்கிலீஷ் ஆக்களின்ர கடையில கல்லாவில நிண்டனான் தங்கச்சி. அந்தச் சொல்லு எனக்குத் தெரியாதோ?"

டிஷூப் பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அப்ப ஏன்க்கா போனீங்க?"

"நீங்கள் சுகம் எண்டு சொன்னியள்."

"அக்கா..."

"திரும்பவும் கேட்டனான்தானே? சுகமோ எண்டு. சுகம் எண்டியள்." குரல் உயரவேயில்லை. "இன்னொரு தரம் அப்பிடிப் பக்கத்தில இருந்து பாக்க என்னால ஏலாது. மாமி எண்டாப் பரவாயில்லை. எழும்பிப் போறதுக்கு எனக்கு ஒரு சொல்லு வேணுமா இருந்துது. நீங்கள் தந்தியள். அவ்வளவுதான்."

பள்ளிக்கூட வாசலில் இரண்டரை மணிக்கே போய் நின்றாராம். மூன்று மணி வரைக்கும் மழைக்குள் நின்றாராம். போன் வந்தபோது, எடுக்க முந்தியே தெரியுமாம்.

"இவருக்கு, நீங்கள் பிழையாச் சொன்னதாலதான் நான் போனனான் எண்டு சொல்லியிருக்கிறன். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான். தாய் விட்டிட்டுப் போனவ எண்டு தெரிஞ்சா இவர் என்னோட இருக்கமாட்டார்." கைப்பையைத் தோளில் மாட்டினார். "அது அப்பிடியே இருக்கட்டும், என்ன? உங்களுக்கு அதில ஒண்டும் குறையாது. தோட்டத்துப் பிள்ளை, தமிழ் பிழைச்சுப்போச்சு எண்டா ஒருத்தரும் ஆச்சரியப்படாயினம்."

எவ்வளவு சரியாகச் சொன்னார். கல்லாவில் இருந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. நானேகூட ஆச்சரியப்படவில்லையே. ஒரு வருஷமாக, என் தமிழ்தான் பிழை என்று அவருக்கு முந்தி நான்தானே நம்பிக்கொண்டு இருந்தேன்.

"சரிக்கா," என்றேன்.

எழும்பினார். கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்:

"அவன் கடைசியா நொந்தவனோ?"

டேப்லெட்டில் கேட்டுக்கொண்டிருந்த சின்னச் சத்தமும் நின்றது. நான் சோஃபாவைப் பார்த்தேன். மதுராவின் விரல் டேப்லெட்டில் தொட்டபடி அசையாமல் இருந்தது. கண் திரையில்தான் இருந்தது, ஆனால் விரல் அசையவில்லை. தமிழ் விளங்காத பிள்ளை.

பத்துக்கு எட்டு. நெற்றி, கண், வாய், விரல்.

"இல்லக்கா," என்றேன். "சொகமாத்தான் போனான்."

முதல் தடவை அதைத் தெரியாமல் சொன்னேன்.

வதனி அக்கா தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். மதுராவின் விரல் மறுபடி நகரத் தொடங்கியது.